உங்கள் நிலத்தில் டவர் லைன் வருகிறதா? கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஒருநாள் காலையில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அண்ணன், வரப்போரத்தில் சிவப்பு பெயின்ட் அடித்த கல் ஒன்று நட்டிருக்கிறது என்று போன் செய்தார். எங்கள் பூமி வழியாக 220 கே.வி. (கிலோவோல்ட்) மின்பாதை போகப்போகிறது என்பது எங்களுக்குத் தெரிந்தது இப்படித்தான். அதற்குப் பிறகு இரண்டரை வருடம் தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், கம்பெனியின் சைட் ஆபீஸ் என்று அலைந்தோம். முதல் மூன்று மாதத்தில் செய்திருக்க வேண்டிய வேலையை மூன்றாவது வருடத்தில் செய்தால் எவ்வளவு இழப்பு என்பது எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு அது வேண்டாம்.

தமிழ்நாட்டில் தனியார் நிலத்தின் மேல் உயர் மின்னழுத்தப் பாதை போகும்போது நில உரிமையாளர் என்ன செய்ய வேண்டும் என்பதே இதில் முக்கியம். எரிவாயுக் குழாய், செல்போன் டவர் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

1. வருவது யார், எந்த அதிகாரத்தில்?

வந்தவர்களிடம் முதலில் "எவ்வளவு கொடுப்பீர்கள்" என்று கேட்காதீர்கள். "164 ஆணை இருக்கிறதா" என்று கேளுங்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் அரசு ஆணை பெற்ற நிறுவனத்துக்கு, பழைய 1885 தந்திச் சட்டத்தில் தந்தித் துறைக்கு இருந்த அதிகாரம் வந்துவிடுகிறது. தந்திச் சட்டத்தை 2023 தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கிவிட்டாலும், மின்பாதைகளுக்கு மட்டும் தந்திச் சட்டத்தின் மூன்றாம் பகுதி தொடர்ந்து செல்லுபடியாகும்.

இந்த ஆணை இருந்தால் உங்கள் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. நீங்கள் தடுத்தால் அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் தந்திச் சட்டத்தின் 16(1) பிரிவில் உத்தரவு வாங்குவார்கள். அந்த உத்தரவுக்குப் பிறகும் வழிமறித்தால் அது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 188, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 223. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தடையாணை வாங்கியே தீருவேன் என்று வக்கீலுக்குக் கொட்டிய பணத்தில் இரண்டு போர்வெல் போட்டிருக்கலாம். லைன் எப்படியும் வந்தது.

ஆணை இல்லாமல் மின் உரிமம் மட்டும் உள்ள நிறுவனம் என்றால் கதை வேறு. மின் உரிமதாரர்களின் பணிகளுக்கான 2006 விதிகளின்படி உரிமையாளர் அல்லது அனுபோகதாரரின் முன்சம்மதம் வேண்டும். நீங்கள் ஆட்சேபித்தால் மாவட்ட ஆட்சியரின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கிய பிறகுதான் வேலை தொடங்க முடியும். ஆணையும் இல்லை, உரிமமும் இல்லை, தன் சோலார் பண்ணையிலிருந்து துணைமின் நிலையம் வரை கம்பி இழுக்க வரும் தனியார் கம்பெனி என்றால், பேச்சுவார்த்தையில் கடிவாளம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அங்கே எல்லாமே ஒப்பந்தம்தான். பிடிக்கவில்லை என்றால் முடியாது என்று சொல்லலாம்.

எனவே ஆணை எண், தேதி, அரசிதழ் நகல் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். "ஆபீஸில் இருக்கிறது" என்று இழுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். அதே மனுவில் உங்கள் கிராமத்துக்கான பாதை வரைபடம், சர்வே எண் பட்டியல், உங்கள் மாவட்டத்தில் பின்பற்றப்படும் இழப்பீட்டு அரசாணை எண் ஆகியவற்றையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. நிலம் "போய்விடும்" என்று ஊரில் பயமுறுத்துவார்கள். போகாது. நிறுவனத்துக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், விற்கலாம், பாகம் பிரிக்கலாம். ஆனால் கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது. போர்வெல் வண்டியின் கம்பத்தை நிமிர்த்தவும் முடியாது. அந்தக் கடைசி விஷயம் எங்களுக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

2. காகிதத்தைச் சரிசெய்யுங்கள், இன்றைக்கே

இழப்பீடு தாமதமாவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் கம்பெனி அல்ல, பட்டா. தாத்தா பெயரில் பட்டா, அப்பா காலமாகிவிட்டார், அத்தைமார் மூவர், ஒருவர் வெளிநாட்டில். இந்த நிலையில் காசோலையை யார் பெயரில் எழுதுவது? யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் தகராறு இருந்தால் தொகையை மாவட்ட நீதிமன்றத்தில் கட்டிவிட்டு நிறுவனம் கையைக் கழுவிக்கொள்ள சட்டத்திலேயே வழியிருக்கிறது. அங்கிருந்து பணத்தை எடுப்பதற்குள் தென்னங்கன்று காய்க்கத் தொடங்கிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை:

- பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல், புல வரைபடம். இவற்றை அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம்.
- தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை பத்திரங்கள், 30 வருட வில்லங்கச் சான்று.
- நடப்பு வருட அடங்கல், அதாவது நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்ற பதிவு. இதை வி.ஏ.ஓ.விடம் கையெழுத்து முத்திரையோடு வாங்குங்கள்.
- உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று.
- கிணறு, போர்வெல் மின் இணைப்பின் அட்டை நகல், சொட்டுநீர் மானியக் காகிதம்.
- நிலம் வங்கியில் அடமானத்தில் இருந்தால் கடன் கணக்கு விவரம்.

அடங்கலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எங்கள் அடங்கலில் அந்த வருடம் "தரிசு" என்று எழுதியிருந்தது. நேரில் பார்த்தால் மஞ்சள் இடுப்பளவுக்கு நிற்கிறது. திருத்தி வாங்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்துக்குள் மதிப்பீட்டுக் குழு வந்து போயிருந்தால் பயிர் இழப்பீடு சுழியம்தான்.

குத்தகைக்கு யாராவது பயிர் செய்தால் அவருக்கும் பயிர் இழப்பீட்டில் உரிமை உண்டு. சட்டம் "சம்பந்தப்பட்ட அனைவருக்கும்" என்றுதான் சொல்கிறது. அவரோடு முன்கூட்டியே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. பாதையை நகர்த்தக் கேட்க ஒரே ஒரு சமயம்தான்

கல் நட்டதற்கும் செக் சர்வே, அதாவது டவர் இடத்தை உறுதிசெய்யும் கடைசி அளவீடு, முடிவதற்கும் இடையில் உள்ள நாட்கள்தான் அந்தச் சமயம். டவர் இடம் உறுதியாகி, அஸ்திவாரக் குழி தோண்டிய பிறகு நகர்த்து என்றால் சிரிப்பார்கள். ஒரு டவரை நகர்த்தினால் முன்னும் பின்னும் கோணம் மாறும், செலவு ஏறும் டவர் வகை வேண்டிவரும். அதனால் "லைனே வேண்டாம்" என்று கேட்பதை விட்டுவிட்டு, பொறியாளர் ஒத்துக்கொள்ளக்கூடியதைக் கேளுங்கள்: டவரை வயலின் நடுவிலிருந்து வரப்போரத்துக்கு அதே நேர்கோட்டில் முன்னோ பின்னோ தள்ளுவது. இது பெரும்பாலும் நடக்கக்கூடியது. நடுவயலில் டவர் நின்றால் டிராக்டர் ஒவ்வொரு உழவிலும் வளைந்து வளைந்து போக வேண்டும், நான்கு காலுக்கு நடுவே களைதான் வளரும்.

கோரிக்கையை வாயால் சொல்லாதீர்கள். புல வரைபடத்தில் டவரின் இப்போதைய இடம், நீங்கள் கேட்கும் இடம், கிணறு, வீடு எல்லாவற்றையும் குறித்து நிறுவனத்துக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு நகல் கொடுத்து மனு எண் வாங்குங்கள். மாதாந்திர விவசாயிகள் கூட்டத்தில் பத்துப் பேராகச் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. தனியாகப் போகிறவரின் மனு தனியாகவே கிடக்கும்.

4. முதல் குழிக்கு முன் எல்லாவற்றையும் எண்ணுங்கள்

எங்கள் பெரிய தவறு இதில்தான். எங்கள் தோப்பில் வெட்டப்பட்டவை 38 தென்னை. கம்பெனி ஆள் எழுதிய பட்டியலில் 31. வெட்டிய பிறகு அடிமரத்தைக் காட்டி வாதாடினோம். "அது போன வருடம் விழுந்த மரம்" என்றார்கள். நிரூபிக்க ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: பாதையில் வரும் ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்டில் எண் போடுங்கள். எண் தெரிய, தேதியும் இடமும் பதிவாகும்படி போட்டோ எடுங்கள். மரத்தின் வகை, வயது, காய்ப்பில் இருக்கிறதா என்று நோட்டில் எழுதி, வி.ஏ.ஓ. முன்னிலையில் மகஜர் (நேரில் பார்த்ததை எழுதும் பதிவு) போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பழ மரத்துக்குத் தோட்டக்கலைத் துறையும் தேக்கு போன்றவற்றுக்கு வனத்துறையும் மதிப்பிடும். அந்த மதிப்பீட்டுத் தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மரம் வெட்டிய பிறகு கட்டை யாருக்கு என்பதையும் அப்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

மரத்தோடு நிற்காதீர்கள். சொட்டுநீர்க் குழாய், நிலத்தடி பி.வி.சி. லைன், கம்பி வேலி, வாய்க்கால், வண்டிப்பாதை, மாட்டுக் கொட்டகை எல்லாம் பட்டியலில் வர வேண்டும். கம்பிக்கு நேர் கீழே போர்வெல் இருந்தால் தனியாக எழுதுங்கள். மோட்டார் பழுதாகிக் குழாயைத் தூக்க வேண்டிவரும்போது, மேலே கம்பி போகும் இடத்தில் அந்த வேலையே ஆபத்து. அது பயன்படாத போர்வெல் என்று கணக்கிட்டு, வேறிடத்தில் புதிதாகப் போடும் செலவைக் கேளுங்கள்.

5. பணக் கணக்கு: டவரைவிடக் கம்பியைப் பாருங்கள்

எல்லோரும் டவருக்கு எவ்வளவு என்றுதான் சண்டை போடுகிறார்கள். பணம் இருப்பது கம்பிக்குக் கீழே உள்ள பட்டையில். காரிடார் என்று பொறியாளர்கள் சொல்வது அதைத்தான். அகலம் வோல்டேஜைப் பொறுத்தது: 110 கே.வி.க்கு 22 மீட்டர், 220 கே.வி.க்கு 35 மீட்டர், 400 கே.வி.க்கு 46 மீட்டர்.

மத்திய மின் அமைச்சகம் 2015 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல், 66 கே.வி.யும் அதற்கு மேலும் உள்ள பாதைகளில் டவர் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், காரிடாருக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024 ஜூனில் இது 200 சதவீதம், 30 சதவீதம் என்று மாறியது. அடிநிலத்தை அளக்கும் முறையும் மாறியது: நான்கு கால்களுக்கு உட்பட்ட பரப்போடு ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் சேரும். பயிர், மர இழப்பீடு இதற்கு மேல் தனி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 220 கே.வி. கம்பி உங்கள் நிலத்தில் 200 மீட்டர் நீளம் போகிறது, ஒரு டவரும் உண்டு. நில மதிப்பு சென்டுக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

காரிடார்: 35 பெருக்கல் 200, அதாவது 7,000 சதுர மீட்டர். ஏறக்குறைய 173 சென்ட். 30 சதவீதம் என்றால் சென்டுக்கு 6,000 வீதம் 10 லட்சத்துக்கு மேல்.
டவர் அடிநிலம்: கால்களுக்கிடையே 8 மீட்டர் என்றால், மீட்டர் சேர்த்து 10க்கு 10, அதாவது 100 சதுர மீட்டர், சுமார் 2.5 சென்ட். 200 சதவீதத்தில் சுமார் ஒரு லட்சம்.

பத்து லட்சத்தை விட்டுவிட்டு ஒரு லட்சத்துக்காக நாங்கள் எட்டு மாதம் பேசினோம் என்பதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, இவை வழிகாட்டுதல்கள். உங்கள் பாதைக்கு எந்த விகிதம் என்பதை மாநில அரசின் ஆணையும் ஆட்சியரின் உத்தரவும்தான் தீர்மானிக்கும். எனவேதான் முதல் படியிலேயே அரசாணை எண்ணைக் கேட்கச் சொன்னேன். கம்பெனி ஆள் காட்டும் மொபைல் பி.டி.எப். எந்த வருடத்தது என்று பாருங்கள். எங்களிடம் பழையதைத்தான் காட்டினார்கள். இரண்டாவது, நில மதிப்பு. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள், அது பல ஊர்களில் சந்தை விலையின் நிழலைக்கூடத் தொடாது. பக்கத்துச் சர்வே எண்களில் கடந்த மூன்று வருடத்தில் பதிவான கிரயப் பத்திரங்களின் சான்றிட்ட நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி ஆட்சியரிடம் கொடுங்கள். நான்கைந்து போதும். மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பதிந்த பத்திரங்களாக இருந்தால் அவை உங்கள் காலையே வாரிவிடும் என்பதால் பொறுக்கி எடுங்கள்.

அளவைக் கம்பெனி சர்வேயரிடம் மட்டும் விடாதீர்கள். உரிமம் பெற்ற தனியார் சர்வேயரை ஒருநாள் அழைத்துவந்து கம்பிப் பட்டையை அளந்து வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். சில ஆயிரம் செலவாகும். எங்கள் காரிடார் அளவில் 11 சென்ட் விடுபட்டிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

6. கையெழுத்து

வெற்று வவுச்சர், தொகை எழுதாத சம்மதப் படிவம், "முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முடியும் ரசீது. இந்த மூன்றில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தை வாங்க மறுக்கவும் வேண்டாம். "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன், கூடுதல் இழப்பீடு கோரும் உரிமை எனக்கு உண்டு" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டு, அதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் தமிழ் தெரியாத ஒரு சூப்பர்வைசர் இங்கிலீஷ் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். அது பிறகு வழக்கில் எங்களுக்கு எதிராக வந்து நின்றது. வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள், சொல்லி வையுங்கள்.

164 ஆணை இல்லாத தனியார் கம்பெனியோடு ஒப்பந்தம் போடுவதானால் அதில் இவை இருக்க வேண்டும்: சர்வே எண்ணும் அகலமும் குறித்த வரைபடம், எந்த வோல்டேஜ், எத்தனை சர்க்யூட் (மின்சுற்று), ஒப்பந்தக் காலம், பராமரிப்புக்கு உள்ளே வரும் முன் எத்தனை நாள் தகவல், ஒவ்வொரு முறை பயிர் மிதிபடும்போதும் தனி இழப்பீடு, கம்பெனி கைமாறினால் புதியவரும் கட்டுப்படுவார் என்ற வரி, திட்டம் முடிந்தால் டவரையும் அஸ்திவாரக் கான்கிரீட்டையும் அகற்றும் பொறுப்பு. கான்கிரீட்டை மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், முத்திரைக் கட்டணம் கம்பெனியுடையது என்றும் எழுதுங்கள். பதியாத தாளை நீதிமன்றத்தில் நீட்டினால் மதிப்பு குறைவு.

7. வேலை நடக்கும் நாட்கள்

வேலை மூன்று கட்டமாக வரும்: அஸ்திவாரம், டவர் ஏற்றுவது, கம்பி இழுப்பது. இடையில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும், அதற்குள் நீங்கள் அடுத்த பயிர் வைத்திருப்பீர்கள். எனவே பயிர்ச் சேதம் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி. முதல் கட்டத்தில் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்பார்கள், விடாதீர்கள். கம்பி இழுக்கும்போதுதான் டிராக்டர், கயிறு, ஆட்கள் என்று அதிகம் மிதிபடும்.

குழியிலிருந்து எடுத்த கல்லும் சுக்கான் மண்ணும் மேல்மண்ணோடு கலந்து கிடக்கும். அள்ளிப்போனால்தான் இறுதிக் கையெழுத்து என்று சொல்லுங்கள். கம்பிக்குக் கீழே ஓடும் இரும்புக் கம்பி வேலிக்கு எர்த் போட்டுத் தரச் சொல்லுங்கள். உயர் மின்னழுத்தப் பாதைக்கடியில் வேலியில் மின்சாரம் தூண்டப்பட்டு, தொட்டால் சுரீர் என்று இழுக்கும். கரும்புத் தோகையைக் கம்பிக்குக் கீழே எரிக்காதீர்கள்.

8. தொகை போதவில்லை என்றால்

ஆட்சியர் நிர்ணயித்த தொகை குறைவு என்றால் தந்திச் சட்டம் 16(3) பிரிவில் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம். காலவரம்பு மூன்று வருடம். இதைத் தெரியாமல், சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்து உரிமையை இழந்தவர்கள் எங்கள் வரிசையிலேயே இரண்டு பேர். எந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் என்பதில் வாதம் வரும் என்பதால் மரம் வெட்டிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

என்ன அடிப்படையில் கூடுதல் கேட்பது? 2007இல் கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னவை உதவும்: நிலம் எங்கே இருக்கிறது, கம்பி ஓரமாகப் போகிறதா நடுவே போகிறதா, எவ்வளவு பரப்பு பயனிழந்தது, நில மதிப்பு எவ்வளவு சரிந்தது. மரத்துக்கான கூட்டலை மட்டும் காட்டாமல் இந்த நான்கையும் வக்கீல் மனுவில் எழுதச் சொல்லுங்கள். சர்வேயர் வரைபடமும் கிரயப் பத்திர நகல்களும் எண் போட்ட போட்டோக்களும் இங்கேதான் விலைபோகும்.

பின்னால் வீடு கட்டவோ வேறு காரியத்துக்கோ லைனை நகர்த்தச் சொன்னால், ஏற்கெனவே இழப்பீடு வாங்கியவர் நகர்த்தும் செலவு அல்லது வாங்கிய இழப்பீட்டில் பாதி, இதில் எது குறைவோ அதைக் கட்ட வேண்டும் என்று தந்திச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது.

9. குழாயும் செல்போன் டவரும்

எரிவாயு, பெட்ரோலியக் குழாய் என்றால் 1962ஆம் ஆண்டுச் சட்டம். அரசிதழில் 3(1) அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுத்தில் போக வேண்டும். இந்த 21 நாள் கண் இமைப்பதற்குள் போய்விடும். பயன்பாட்டு உரிமைக்கான இழப்பீடு அறிவிப்புத் தேதியின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், சேதத்துக்குத் தனி. குழாய்க்கு மேல் கட்டடம், கிணறு, குளம், மரம் எதுவும் கூடாது. தொகையில் திருப்தி இல்லையென்றால் இங்கும் மாவட்ட நீதிபதிதான்.

செல்போன் டவர் தனியார் இடத்தில் வருவது வெறும் வாடகை ஒப்பந்தம். அதில் ஒரே எச்சரிக்கை: "உங்கள் இடம் தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வரும் போன் மோசடி. டவர் வைப்பவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும்.